கல்லூரி வாசல் பதினோராம் வகுப்பிலேயே திறக்கிறது

(நமது ஜமாஅத்தின் சார்பில் மேல்நிலை வகுப்பு மாணவ மாணவியருக்கும் பெற்றோருக்கும் நடத்தப்பட்ட கல்வி வழிகாட்டிக் கூட்டத்தில், பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





எல்லாப் புகழும் வல்ல அல்லாஹ்வுக்கே. ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்தில் பிளஸ் டூ முடிவுகள் வெளியானதும், பெற்றோர் பலர் மதிப்பெண் பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு பள்ளிவாசலுக்கு வருகிறார்கள். "ஹஜ்ரத், பையனுக்கு மார்க் வந்துவிட்டது. எந்தக் கல்லூரியில், என்ன படிப்பில் சேர்க்கலாம்?" என்று கேட்கிறார்கள். நல்ல கேள்விதான். ஆனால் இந்தக் கேள்வியின் பாதி விடை இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, பதினோராம் வகுப்பில் சேர்ந்த அன்றே எழுதப்பட்டு விட்டது. எந்தப் பாடப்பிரிவு, எந்தப் பள்ளி, எந்தச் சான்றிதழ், என்ன அடிப்படை என்பவை அந்த ஓராண்டிலேயே முடிவாகி விடுகின்றன. மே மாதத்தில் நம்மால் செய்ய முடிவது, ஏற்கெனவே முடிவானதைப் படித்துச் சொல்வது மட்டுமே. ஆகவேதான் இந்த ஆண்டு, பிளஸ் டூ முடித்தவர்களை அழைப்பதற்கு முன்பாக, பிளஸ் ஒன்னில் அடியெடுத்து வைத்திருக்கும் பிள்ளைகளையும் அவர்களின் பெற்றோரையும் அழைத்திருக்கிறோம்.

கல்லூரியிலிருந்து பள்ளிக்கு வந்த வகுப்பு

பதினோராம் வகுப்பின் தன்மையைப் புரிந்துகொள்ள அதன் வரலாற்றைச் சற்றுப் பார்க்க வேண்டும். நம்மில் அறுபது வயதைக் கடந்த பெரியவர்களுக்கு இது நினைவிருக்கும். அக்காலத்தில் பள்ளியில் 11 ஆண்டுகள் படித்து எஸ்.எஸ்.எல்.சி. எழுதுவார்கள். அதன்பின் கல்லூரிக்குச் சென்று ஓராண்டு பி.யு.சி. படிப்பார்கள். அதில் தேறியவர்களே பட்டப்படிப்புக்குள் நுழைய முடியும். 1978-இல் தமிழ்நாட்டில் 10 கூட்டல் 2 என்னும் முறை நடைமுறைக்கு வந்தபோது, கல்லூரியில் இருந்த அந்த நுழைவுப் படிப்பு பள்ளிக்கூடத்துக்குள் வந்தது. முதல் பிளஸ் டூ பொதுத்தேர்வு 1980-இல் நடந்தது.

எனவே மேல்நிலை வகுப்பு என்பது பத்தாம் வகுப்பின் நீட்சி மட்டுமன்று. கல்லூரிப் படிப்பின் முன்கூடமும் ஆகும். பத்தாம் வகுப்பு வரை எல்லோரும் எல்லாப் பாடங்களையும் படித்தார்கள். பதினொன்றிலிருந்து ஒவ்வொருவரும் ஒரு திசையைத் தேர்ந்தெடுத்து, அத்திசையில் ஆழமாகப் படிக்கத் தொடங்குகிறார்கள். பத்தாம் வகுப்பில் 450 மதிப்பெண் வாங்கிய பிள்ளை, பதினொன்றில் முதல் பருவத் தேர்வில் தடுமாறுவதைக் கண்டு பெற்றோர் பதறுவது இதனால்தான். பிள்ளை மந்தமாகி விட்டான் என்று அதற்குப் பொருளல்ல. படிப்பின் தரம் ஒரே தாவலில் உயர்ந்து விட்டது என்பதே பொருள். அந்தத் தாவலுக்கு ஏற்றவாறு உழைப்பும் உயர வேண்டும்.

பொதுத்தேர்வு வந்ததும் போனதும்

2017-ஆம் ஆண்டு வரை பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு கிடையாது. இதன் விளைவு என்ன? பல பள்ளிகள், குறிப்பாகத் தனியார் பள்ளிகள், பதினோராம் வகுப்புப் பாடத்தைப் பெயரளவுக்கு முடித்துவிட்டு, பிளஸ் டூ பாடத்தையே இரண்டு ஆண்டுகள் நடத்தின. மாணவர்களும் மனப்பாடம் செய்து ஏராளமான மதிப்பெண் பெற்றார்கள். ஆனால் பொறியியல் கல்லூரியின் முதலாண்டுக் கணிதத்தில் தவறினார்கள். இரண்டு ஆண்டுப் பாடங்களிலிருந்தும் கேள்வி கேட்கப்படும் நுழைவுத் தேர்வுகளில் பின்தங்கினார்கள்.

இதைச் சரிசெய்யவே 2017-18 கல்வியாண்டு முதல் பிளஸ் ஒன் பொதுத்தேர்வு கொண்டுவரப்பட்டது. முதலில் இரண்டு ஆண்டுகளுக்கும் சேர்த்து 1200 மதிப்பெண் என்று அறிவித்தார்கள். 2018-இல் அதை மாற்றி, உயர்கல்விச் சேர்க்கைக்குப் பிளஸ் டூவின் 600 மதிப்பெண்ணே போதும் என்றார்கள். பின்னர் 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையையொட்டி, மாணவர்களின் மனச்சுமையைக் குறைக்கும் நோக்கத்துடன், 2025-26 கல்வியாண்டு முதல் பிளஸ் ஒன் பொதுத்தேர்வு நீக்கப்பட்டது.

தொடர்ந்து மூன்று ஆண்டுகள் பொதுத்தேர்வு எழுதும் அச்சம் பிள்ளைகளுக்குக் குறைந்தது நல்லதே. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2017-க்கு முன்பிருந்த அதே ஆபத்து மீண்டும் வாசலுக்கு வந்திருக்கிறது. "பிளஸ் ஒன்னுக்குப் பரீட்சை இல்லையாம், இந்த வருடம் நிம்மதியாக இருக்கலாம்" என்று சில வீடுகளில் பேசத் தொடங்கியிருக்கிறார்கள். பரீட்சைதான் நீங்கியதே தவிர, பாடம் நீங்கவில்லை. இதுவரை அரசாங்கத்தின் தேர்வு பாடத்தைக் காவல் காத்தது. இனி அந்தக் காவலைப் பெற்றோரும் ஜமாஅத்துமே ஏற்க வேண்டியிருக்கிறது. இன்றைய பேச்சின் சாரம் இவ்வளவுதான்.

ஸர்ஃபும் நஹ்வும் போல

மதரஸாவில் ஓதியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அரபிக் கல்லூரியில் சேர்ந்ததும் முதலில் ஸர்ஃபும் நஹ்வும் கற்பிக்கிறார்கள். சொல் எப்படி உருவாகிறது, வாக்கியம் எப்படி அமைகிறது என்பதே அந்தப் பாடம். அதில் சுவை குறைவு, உழைப்பு அதிகம். அவ்வாண்டுகளில் அலட்சியமாக இருந்தவர், கடைசி ஆண்டில் புகாரி ஷரீஃபைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு வரியைக்கூடச் சொந்தமாகப் படிக்க இயலாமல் விழிப்பார். பட்டம் வழங்கும் விழாவில் அவருடைய தலையிலும் தலைப்பாகை கட்டப்படலாம். கிதாபு மட்டும் அவருக்குத் திறக்காது.

பதினோராம் வகுப்பும் அத்தகையதே. வகை நுண்கணிதமும் தொகை நுண்கணிதமும் தொடங்குவது பதினோராம் வகுப்புக் கணிதத்தில். விசையும் இயக்கமும் ஆற்றலும் பதினோராம் வகுப்பு இயற்பியலில். கரிம வேதியியலின் அடிப்படை பதினோராம் வகுப்பு வேதியியலில். செரிமானம், சுவாசம், இரத்த ஓட்டம், நரம்பு மண்டலம் என்று மனித உடலின் இயக்கம் முழுவதும் பதினோராம் வகுப்பு விலங்கியலில் இருக்கிறது. வணிகவியல் பிரிவில் பற்று, வரவு என்னும் இரட்டைப் பதிவு முறையைப் பதினொன்றில் சரியாகக் கற்காத பிள்ளைக்கு, பன்னிரண்டாம் வகுப்பில் கூட்டாண்மைக் கணக்கு கைக்கு வராது.

நுழைவுத் தேர்வுகளின் நிலையும் இதுவே. தமிழ்நாட்டில் 2017 முதல் மருத்துவச் சேர்க்கை நீட் தேர்வின் வழியே நடைபெற்று வருகிறது. அத்தேர்வு வேண்டுமா, வேண்டாமா என்னும் வாதம் வேறு. பிள்ளை எழுத வேண்டிய நிலையில் இருக்கும்வரை, அத்தேர்வின் 180 கேள்விகளும் பதினொன்று, பன்னிரண்டு என்னும் இரண்டு வகுப்புகளின் பாடங்களிலிருந்துமே வருகின்றன என்பதை நாம் அறிந்திருக்க வேண்டும். ஐ.ஐ.டி., என்.ஐ.டி.களுக்கான ஜே.இ.இ. தேர்வும் அப்படியே. ஆகவே பிளஸ் ஒன்னை விட்டவர், தேர்வின் பாதியைத் தொடங்கும் முன்பே விட்டவராகிறார்.

எந்தப் பாடப்பிரிவு?

மறைந்த குடியரசுத் தலைவர் டாக்டர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம் அவர்கள் இராமநாதபுரத்தில் பள்ளிப் படிப்பை முடித்து, திருச்சி புனித ஜோசப் கல்லூரியில் இண்டர்மீடியட் படித்தார்கள். பிறகு அங்கேயே பி.எஸ்ஸி. இயற்பியலில் சேர்ந்தார்கள். அப்பட்டப் படிப்பில் சேர்ந்தபோது மேற்படிப்பில் வேறு வழிகள் உண்டென்பதே தமக்குத் தெரியாது என்றும், பட்டம் பெற்ற பின்னரே தமக்குரிய துறை பொறியியல் என்று உணர்ந்ததாகவும், இண்டர்மீடியட் முடித்தவுடனேயே அதில் சேர்ந்திருக்கலாம் என்றும் தமது தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார்கள். பின்னர் சென்னை எம்.ஐ.டி.யில் சேர இடம் கிடைத்தபோது கட்டணம் கட்டப் பணமில்லை. சகோதரி ஜொஹரா அவர்கள் தம்முடைய தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார்கள்.

சகோதரியின் தியாகத்தை மேடைதோறும் சொல்கிறோம். வழி காட்ட ஆளில்லாமல் அத்தகைய அறிவாளிக்கே காலம் கடந்ததை யாரும் சொல்வதில்லை. கலாம் அவர்களின் காலத்தில் தகவல் இல்லை. இன்று தகவல் கையிலிருக்கும் கைப்பேசியிலேயே கிடைக்கிறது. கேட்டுச் சொல்ல ஆள்தான் வேண்டும்.

எனவே சில அடிப்படைச் செய்திகளைக் குறித்துக்கொள்ளுங்கள். பொறியியல் படிக்க விரும்பும் பிள்ளைக்குக் கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றும் வேண்டும். பொறியியல் கலந்தாய்வுக்கான 200 கட்-ஆஃப் மதிப்பெண்ணில் 100 கணிதத்துக்கும், 50 இயற்பியலுக்கும், 50 வேதியியலுக்கும் உரியவை. மருத்துவத்துக்கும் பி.எஸ்ஸி. நர்சிங்குக்கும் இயற்பியல், வேதியியலுடன் உயிரியல் வேண்டும். கணிதம், உயிரியல் இரண்டும் உள்ள பிரிவில் சேர்ந்தால் இரு வாசல்களும் திறந்திருக்கும். ஆனால் சுமையும் இரட்டிப்பாகும். அதைத் தாங்கும் பிள்ளையா என்று பார்த்துச் சேருங்கள். ஐந்தாண்டுச் சட்டப் படிப்புக்கு எந்தப் பிரிவில் படித்தவரும் செல்லலாம். சி.ஏ. படிப்புக்கு வணிகவியல் பிரிவு துணை நிற்கும். அதன் ஃபவுண்டேஷன் தேர்வை பிளஸ் டூ முடித்த பிறகே எழுத முடியும் என்றாலும், பெயரைப் பதிவு செய்துகொண்டு பிளஸ் ஒன்னிலேயே தயாராகத் தொடங்கலாம். மத்தியப் பல்கலைக்கழகங்களின் இளநிலைப் படிப்புகளுக்கு 2022 முதல் கியூட் என்னும் தனி நுழைவுத் தேர்வு நடக்கிறது. புதுவைப் பல்கலைக்கழகம் நமக்கு வெகு தொலைவில் இல்லை. திருவாரூரிலும் மத்தியப் பல்கலைக்கழகம் உண்டு.

நண்பன் சேர்ந்தான் என்பதற்காக ஒரு பிரிவில் சேர்வதும், "சயின்ஸ் குரூப்தான் கௌரவம்" என்று பிள்ளையைக் கட்டாயப்படுத்துவதும் நன்றன்று. தவறான பிரிவில் சேர்ந்துவிட்டதாகப் பிள்ளை உணர்ந்தால், வகுப்பு தொடங்கிய முதல் சில வாரங்களுக்குள் தலைமையாசிரியரை அணுகிக் கேளுங்கள். ஆறு மாதம் கழித்துக் கேட்டால் பயன் இராது.

பள்ளியை மாற்றும் முன் சற்றே நில்லுங்கள்

இதைப் பெற்றோர் மிகக் கவனமாகக் கேட்க வேண்டும். அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்பு வரை நன்றாகப் படித்த பிள்ளையை, "நல்ல கோச்சிங் கிடைக்கும்" என்று கடன் வாங்கியாவது தனியார் பள்ளியில் பிளஸ் ஒன் சேர்க்கும் வழக்கம் நம்மிடையே பெருகியிருக்கிறது. அப்படி மாற்றும்போது என்ன இழக்கிறோம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டாமா?

ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவருக்கு, மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-இல் சட்டமானது. அதற்கு முந்தைய ஆண்டில் மருத்துவக் கல்லூரிக்குச் சென்ற அரசுப் பள்ளி மாணவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். சட்டம் வந்த முதல் ஆண்டிலேயே 300-க்கும் மேற்பட்டோர் சேர்ந்தார்கள். 2021-இல் இதே 7.5 சதவீதம் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய தொழிற்படிப்புகளுக்கும் வழங்கப்பட்டது. அவ்வாறு சேர்வோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்றும் அப்போது அறிவிக்கப்பட்டது. பதினொன்றில் தனியார் பள்ளிக்குச் சென்ற பிள்ளை, ஆறு முதல் பத்து வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தும் இவ்வுரிமையை இழக்கிறது. அரசு உதவி பெறும் பள்ளிகளும் இந்த 7.5 சதவீதக் கணக்கில் சேரமாட்டா.

அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி சென்ற பெண் பிள்ளைகளுக்கு மாதம் 1000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரிலும், ஆண் பிள்ளைகளுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டிலும் தொடங்கப்பட்டன. இவற்றுக்கும் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பள்ளியே அடிப்படை. தனியார் பள்ளியில் சேர்க்கக் கூடாது என்று நாம் சொல்லவில்லை. எதைக் கொடுத்து எதை வாங்குகிறோம் என்று கணக்கிட்டுவிட்டுச் சேருங்கள் என்கிறோம்.

காகிதங்களைக் காலத்தே எடுங்கள்

நமது சமுதாயத்துக்கென 2007-இல் 3.5 சதவீத உள் ஒதுக்கீடு சட்டமாக்கப்பட்டது. அந்த உரிமை தானாக வீடு தேடி வருவதில்லை. சாதிச் சான்றிதழின் வழியாகவே வருகிறது. பிற்படுத்தப்பட்ட முஸ்லிம் பட்டியலில் அன்சார், தக்கனி முஸ்லிம், தூதேகுலா, ராவுத்தரும் மரைக்காயரும் உள்ளடங்கிய லெப்பை, மாப்பிள்ளை, ஷேக், சையத் ஆகிய பிரிவுகளே உள்ளன. சான்றிதழில் "முஸ்லிம்" என்று மட்டும் இருந்தால் போதாது. உட்பிரிவு தெளிவாக இருக்க வேண்டும். மத்திய அரசின் கல்வி நிறுவனங்களுக்கு இந்தச் சான்றிதழ் போதாது. வருமான வரம்புக்குட்பட்டவர் என்று குறிக்கும் ஓ.பி.சி. சான்றிதழைத் தனியாக வாங்க வேண்டும். அதையும் உரிய ஆண்டில் புதிதாக எடுக்க வேண்டும்.

குடும்பத்தில் இதுவரை எவரும் பட்டம் பெறாதிருந்தால், முதல் பட்டதாரிச் சான்றிதழ் பெறலாம். ஒற்றைச் சாளரக் கலந்தாய்வின் வழியே தொழிற்படிப்பில் சேர்வோருக்கு இதனால் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. 2010 முதல் நடைமுறையில் வந்த ஏற்பாடு இது. நம் மஹல்லாவில் இச்சான்றிதழுக்குத் தகுதியுள்ள வீடுகள் நிறைய உண்டு.

இவை எல்லாவற்றுக்கும் முன்னே நிற்பது பெயர்ப் பிரச்சினை. பிறப்புச் சான்றிதழில் முஹம்மது, ஆதாரில் முகமது, பள்ளிப் பதிவேட்டில் மொகமத். தந்தையின் முன்னெழுத்து ஓரிடத்தில் முன்னும் ஓரிடத்தில் பின்னும். இப்படி ஒரே பிள்ளை நான்கு காகிதங்களில் நான்கு பேராக இருக்கிறது. கலந்தாய்வுக்கு மூன்று நாள் இருக்கையில் தாலுகா அலுவலகத்துக்கும் இ-சேவை மையத்துக்கும் அலைவதைவிட, பிளஸ் ஒன்னின் அரையாண்டு விடுமுறையில் எல்லாக் காகிதங்களையும் மேசைமேல் பரப்பி வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். திருத்த வேண்டியதைத் திருத்த அப்போது ஓராண்டுக்கும் மேல் அவகாசம் இருக்கும்.

பெண் பிள்ளைகளும் ஆண் பிள்ளைகளும்

பதினோராம் வகுப்பில் ஒரு பெண் பிள்ளைக்கு 16 வயது. நல்ல வரன் வந்துவிட்டது என்று படிப்பை நிறுத்தும் பேச்சு தொடங்குவதும் அந்த வயதில்தான். 2006-ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடுப்புச் சட்டப்படி 18 வயதுக்குக் குறைந்த பெண்ணுக்குத் திருமணம் செய்வது குற்றம். பள்ளிவாசலின் நிகாஹ் பதிவேட்டில் பெயர் எழுதும் முன் வயதுச் சான்று கேட்பது அதிகாரிகளுக்காக மட்டுமன்று. அந்தப் பிள்ளையின் இரண்டு ஆண்டுப் படிப்பைக் காப்பதற்காகவும்தான். சென்னையில் நீதிபதி பஷீர் அஹமத் சயீத் அவர்கள் 1955-இல் பெண்களுக்கென்றே ஒரு கல்லூரியைத் தொடங்கினார்கள். எழுபது ஆண்டுகளுக்கு முன்பே நமது முன்னோர் எண்ணிச் செய்ததை இன்று நாம் தயங்கி நிறுத்தலாமா?

ஆண் பிள்ளைகளின் நிலை வேறு. பதினோராம் வகுப்பில் மீசை அரும்புகிறது. கடையில் உட்காரவும் வண்டி ஓட்டவும் தெம்பு வருகிறது. "பரீட்சை இல்லாத வருடம்தானே, மாலையில் கடையைப் பார்த்துக்கொள்" என்று வாப்பா சொல்கிறார். மாலை என்பது இரவாகிறது. இரவு வேலையால் காலை வகுப்பு தவறுகிறது. கையில் காசு புழங்கியதும் புத்தகம் கசக்கிறது. வீட்டில் கஷ்டம் வந்தால் முதலில் நிற்பது படிப்பு என்பதற்குச் சான்று உண்டு. மத்திய அரசின் உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, 2019-20-இல் நாடு முழுவதும் ஏறத்தாழ 21 லட்சமாக இருந்த முஸ்லிம் மாணவர் எண்ணிக்கை, கொரோனா காலமான 2020-21-இல் ஏறத்தாழ 19.2 லட்சமாகக் குறைந்தது. குடும்பத்துக்கு உதவுவது நற்செயலே. ஆனால் நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் என்று வரையறுத்து, அதற்குமேல் கேட்காதிருப்பது தந்தையின் கடமை.

நீதிபதி ராஜிந்தர் சச்சார் குழு 2006-இல் அளித்த அறிக்கை, பள்ளி வயது முஸ்லிம் பிள்ளைகளில் மதரஸாக்களில் படிப்போர் சுமார் 4 சதவீதமே என்று கூறியது. மீதமுள்ளோரின் கல்வி பள்ளிக்கூடத்தைச் சார்ந்தது. மதரஸாவின் பிள்ளைகளைப் பற்றி ஜமாஅத் கவலைப்படுகிறது, அது சரியே. பள்ளிக்கூடம் செல்லும் அந்தப் பெரும்பான்மையைப் பற்றியும் அதே அக்கறை வேண்டும்.

செலவும் கடனும்

ஆயத்தமில்லாமல் பிளஸ் டூ முடிக்கும் பிள்ளைக்கும் கல்லூரி கிடைக்கத்தான் செய்கிறது; ஆனால் மேனேஜ்மென்ட் கோட்டாவில் கிடைக்கிறது. அதற்குரிய பணத்துக்கு வீட்டுப் பத்திரமும் நகையும் வட்டிக்கடைக்குச் செல்கின்றன. வட்டியின் தீமையைப் பற்றி ஜும்ஆ மேடையில் எவ்வளவு பேசினாலும், அட்மிஷன் காலத்தில் ஒரு தந்தையின் காதில் அது ஏறாது. அவரை அந்த நிலைக்குத் தள்ளாமல் முன்கூட்டியே காப்பதுதான் பேச்சைவிடச் சிறந்தது. அரசுக் கல்லூரியிலும், கலந்தாய்வின் வழியாகவும் இடம் பெற்ற பிள்ளைக்குக் கட்டணம் குறைவு. சலுகைகளும் சேர்ந்தால் கடனே தேவைப்படாமல் போகலாம். சிறுவங்கூரில் 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரியில் ஆண்டுக்கு 150 இடங்கள் உண்டு. அந்தக் கட்டடத்தை நாம் நோயாளிகளாக மட்டுமே பார்க்க வேண்டும் என்ற விதி ஒன்றும் இல்லை.

நமது முன்னோர் இதை அறிந்தே கல்லூரிகளைக் கட்டினார்கள். வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919-இல் உருவானது. திருச்சி ஜமால் முஹம்மது கல்லூரியும் சென்னை புதுக் கல்லூரியும் 1951-இல் தொடங்கின. தோல் வணிகமும் ஜவுளி வணிகமும் செய்தோர் தம் செல்வத்திலிருந்து கொடுத்து நிறுவியவை இத்தகைய நிறுவனங்கள். அவை எல்லாச் சமயத்துப் பிள்ளைகளுக்கும் இன்றும் கல்வி வழங்குகின்றன.

நமது கருணாபுரம்

அன்பர்களே! கருணாபுரம் என்ற பெயரைத் தமிழ்நாடே அறிந்தது எதனால் என்பதை நாம் மறக்க முடியாது. 2024 ஜூன் மாதத்தில், மெத்தனால் கலந்த கள்ளச்சாராயத்தால் இப்பகுதியிலும் சுற்றுப்புறங்களிலும் 65-க்கும் மேற்பட்ட உயிர்கள் பறிபோயின. கூலி வேலைக்குச் சென்று திரும்பியவர்கள் அவர்கள். தெருவில் வரிசையாகக் கிடத்தப்பட்ட ஜனாஸாக்களை நாம் பார்த்தோம். தந்தையை இழந்த பிள்ளைகள் உண்டு. தாய் தந்தை இருவரையும் இழந்த பிள்ளைகளும் உண்டு. அவர்களின் படிப்புச் செலவை அரசே ஏற்கும் என்று அப்போது அறிவிக்கப்பட்டது.

ஆனால் செலவு மட்டுமே படிப்பாகி விடுமா? எந்தப் பிரிவில் சேர்வது, எந்தச் சான்றிதழை எப்போது எடுப்பது, இன்று வகுப்புக்குப் போனாயா என்று கேட்பது, இவையெல்லாம் ஒரு தந்தை செய்யும் வேலைகள். அந்த வேலையை அரசாணை செய்யாது. அக்கம்பக்கத்தாரே செய்ய வேண்டும். அந்தப் பிள்ளைகள் வேறு சமயத்தவர்கள் என்பதால் நமது கடமை குறைந்துவிடாது. அண்டை வீட்டாரின் உரிமையைப் பற்றி மார்க்கம் சொல்லியிருப்பதில் சமய வேறுபாடு இல்லை. கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்து இந்நகரில் தங்கிப் படிக்கும் மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகளையும் இத்துடன் எண்ணிப் பாருங்கள். அம்மலை மக்களின் வாழ்நிலையை 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் தானே முன்வந்து வழக்காக எடுத்து விசாரித்தது. பல வீடுகளில் மேல்நிலை வகுப்பைத் தொட்ட முதல் தலைமுறை அவர்கள்.

பத்ருப் போரில் கைதானவர்களில் எழுதப் படிக்கத் தெரிந்தோர், மதீனாவின் பிள்ளைகள் பத்துப் பேருக்கு எழுத்துக் கற்பித்தால் அதையே விடுதலைக்கு ஈடாக நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள் என்பது வரலாறு. கற்பித்தவர்கள் அன்றைய எதிரிகள். கல்வி என்று வரும்போது யாரிடமிருந்து, யாருக்கு என்று பார்க்கும் பழக்கம் நமக்குக் கிடையாது.

ஜமாஅத் முன் வைக்கும் வேண்டுகோள்கள்

நிர்வாகப் பெருமக்களின் பரிசீலனைக்குச் சிலவற்றை வைக்கிறோம்.

1. சந்தாப் பதிவேட்டைப் போல, மஹல்லாவில் பதினோராம் வகுப்பு படிக்கும் பிள்ளைகளின் பதிவேடு ஒன்று வேண்டும். பெயர், பள்ளி, பாடப்பிரிவு, கையில் உள்ள சான்றிதழ்கள் ஆகியவை அதில் இருக்கட்டும்.

2. மக்தப் நடக்கும் கூடம் இஷாவுக்குப் பின் பூட்டிக் கிடக்கிறது. இரவு 10 மணி வரை அதைப் படிப்பகமாகத் திறந்து வைக்கலாம். ஒரே அறையில் ஆறு பேர் வாழும் வீட்டில், தொலைக்காட்சியின் ஓசைக்கு நடுவே பிள்ளை எப்படி நுண்கணிதம் போடும்? விளக்கும் மின்விசிறியும் நான்கு பெஞ்சுகளும் போதும். அண்டைத் தெருப் பிள்ளைகளும் வரட்டும். பெண் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தைத் தனியாக ஒதுக்கலாம்.

3. நம்மிடையே கல்லூரியில் படிப்போரும் பட்டம் பெற்றோரும் வாரத்தில் இரண்டு மணி நேரம் அங்கே வந்து சந்தேகம் தீர்க்க வேண்டும்.

4. டிசம்பர் மாதத்தில் ஒருநாள் சான்றிதழ் முகாம் நடத்தலாம். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நல அலுவலகம் இயங்குகிறது. அங்கிருந்து ஒருவரை அழைத்து அவ்வாண்டின் உதவித்தொகை நிலவரத்தைக் கேட்டறிவது நன்று. பழைய துண்டறிக்கைகளை நம்பி ஏமாறக் கூடாது.

5. பைத்துல்மாலில் கல்விக்கென வட்டியில்லாக் கடன் நிதி ஒன்று ஏற்படுத்தப்பட வேண்டும். ஏழை மாணவர் ஸகாத் பெறவும் தகுதியுடையவரே. பிற சமயத்துப் பிள்ளைகளுக்கு ஸதகா நிதியிலிருந்து உதவலாம்.

மாணவச் செல்வங்களுக்கு

இறுதியாக உங்களுக்குச் சில வார்த்தைகள். அன்றன்று நடத்திய பாடத்தை அன்றிரவே ஒருமுறை எழுதிப் பாருங்கள். புரியாததை ஆசிரியரிடம் கேட்க வெட்கப்படாதீர்கள். வெட்கப்படுபவருக்குக் கல்வி வாய்ப்பதில்லை என்பது நம் உஸ்தாதுகள் சொல்லித்தந்த பாடம். பதினோராம் வகுப்புப் புத்தகங்களை ஆண்டிறுதியில் பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போடாதீர்கள். அடுத்த ஆண்டும் அவை வேண்டும். ஆங்கிலத்தில் நாளொன்றுக்கு ஒரு பக்கம் வாசியுங்கள். தமிழ்வழியில் படித்த பிள்ளை கல்லூரியின் முதல் மாதத்தில் மிரள்வது பாடத்தைக் கண்டல்ல, மொழியைக் கண்டே. ஃபஜ்ருக்கு எழுந்தவருக்கு, பள்ளிப் பேருந்து வரும்வரை இரண்டு மணி நேரம் மிச்சம். அந்த நேரத்தைக் கைப்பேசிக்குக் கொடுத்துவிடாதீர்கள். ஆண்டு முடிந்து மே மாத விடுமுறையில், பிளஸ் டூ பாடத்துக்குத் தாவும் முன், பிளஸ் ஒன்னில் எந்தப் பாடம் பலவீனம் என்று பார்த்து அதைச் சரிசெய்யுங்கள்.

கேட்பதற்கு ஒரு தேர்வு இல்லாத ஆண்டில் ஒழுங்காகப் படிப்பவரே உண்மையான மாணவர். யாரும் பார்க்காதபோதும் கடமையைச் செய்பவருக்கு நமது மார்க்கத்தில் தனிச்சிறப்பு உண்டு என்பதை நீங்கள் அறிவீர்கள்.

வல்ல அல்லாஹ் நமது பிள்ளைகளுக்கும், இவ்வூரின் எல்லாப் பிள்ளைகளுக்கும் பயனுள்ள கல்வியை வழங்குவானாக! பெற்றோரை இழந்து நிற்கும் பிள்ளைகளுக்குத் துணை நிற்கும் மனத்தை நமக்குத் தருவானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.